எழுதப்பட்டவர்களும் அமரும் அவை

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆய்வரங்குகளின் பருவம் தொடங்கிவிடும். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸில் அரெஸ்டி ஆய்வு மையம் நடத்தும் இளநிலை மாணவர் ஆய்வரங்கும், ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு வாரமும் இந்த வகையைச் சேர்ந்தவை. பெரிய கூடத்தில் வரிசை வரிசையாகத் தட்டிகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் மூன்றடிக்கு நான்கடி அளவில் ஒரு போஸ்டர். பக்கத்தில் அதைத் தயாரித்த மாணவர். வந்து நிற்பவரிடம் சில நிமிடங்களில் தன் ஒரு வருட உழைப்பை அவர் சொல்லி முடித்தாக வேண்டும். ஒரு புரதத்தின் அமைப்பை ஆராய்ந்த மாணவிக்கு அடுத்த தட்டியிலேயே, புலம்பெயர்ந்த மளிகைக்கடைத் தொழிலாளர்களின் அன்றாடத்தை ஆராய்ந்த மானிடவியல் மாணவர் நிற்கக்கூடும். இரண்டு போஸ்டர்களிலும் ஒரே தலைப்புகள்தான்: கேள்வி, முறை, கண்டறிந்தவை, முடிவு. ஆனால் இரண்டு ஆய்வுகளுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. புரதம் வந்து தன்னைப் பற்றிய போஸ்டரைப் படிக்கப் போவதில்லை. மளிகைக்கடைத் தொழிலாளி படிக்கலாம். அவருடைய மகள் அதே வளாகத்தில் மாணவியாக இருக்கலாம். மானிடவியல் மாணவரின் ஆய்வரங்கத்தை மற்றத் துறைகளின் அரங்கிலிருந்து பிரித்துக் காட்டும் இந்த உண்மையைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் தம் ஏற்பாடுகளில் ஏற்றுக்கொள்ளவில்லை. யாரைப் பற்றி ஆய்வு செய்யப்பட்டதோ அவர்களுக்கு அதே அவையில் மறுமொழி சொல்லும் இடம் இருக்க வேண்டும். அந்த மறுமொழி மாணவரின் ஆய்வுக்குச் சான்றாகச் சேர வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம். இதை மரியாதை கருதிச் செய்தால் மட்டும் போதாது. அறிவு சரியாக அமையவே இது தேவை என்பதை நியூ ஜெர்சி, சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டெக்சாஸ் ஆகிய மூன்று இடங்களின் மானிடவியல் வரலாறே காட்டுகிறது.

மாணவர் ஆய்வரங்கம் எதற்காக உருவானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வுகளில் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தை எம்.ஐ.டி. 1969இல் தொடங்கியது. இளநிலை மாணவர்களுக்கான தேசிய ஆய்வு மாநாடு 1987இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் முதன்முதலாகக் கூடியது. ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் தம் இளநிலைக் கல்வியைப் புறக்கணிக்கின்றன என்று 1998இல் பாயர் ஆணையம் கடுமையாக எடுத்துச் சொன்ன பிறகு இத்தகைய அரங்குகள் வளாகம்தோறும் பெருகின. மானிடவியலுக்கு இதைவிடப் பழைய மரபும் உண்டு. பெர்க்லியில் 1949இல் தோன்றிய குரோபர் மானிடவியல் சங்கம் மாணவர்களே நடத்திய அமைப்பு. அடுத்த ஆண்டு முதல் தன் கட்டுரைகளை இதழாகவும் வெளியிட்டது. ஆனால் இப்போது பரவலாகியிருக்கும் வடிவம் ஆய்வகத் துறைகளிலிருந்து வந்தது. மாணவர் பேச, துறை அறிந்த நடுவர்கள் மதிப்பெண் இட, சிறந்தவருக்குப் பரிசு என்பதே அதன் ஏற்பாடு. அது ஒரு தொழிற்பயிற்சி. வருங்கால ஆய்வாளர் தன் துறையினர் முன் நின்று பேசப் பழகுகிறார். பயிற்சி தவறில்லை. ஆனால் மானிடவியலாளர் பழக வேண்டிய அவை துறையினர் மட்டும் நிறைந்த அவையா என்ற கேள்வியை இந்த வடிவம் எழுப்புவதே இல்லை.

ரட்கர்ஸிலேயே இதற்கு விடை தேடலாம். அங்கே பேராசிரியராக இருந்த மைக்கேல் மோஃபட் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய மானிடவியலாளர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, 1970களின் தொடக்கத்தில், செங்கல்பட்டு மாவட்டத்து எண்டாவூர் கிராமத்தின் சேரியில் களப்பணி செய்தார். அந்த ஆய்வு 1979இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பக நூலாக வந்தது. அவர் கண்டவை உன்னிப்பானவை. ஊரிலிருந்து ஒதுக்கப்பட்ட மக்கள் தமக்குள்ளேயே ஊரின் அமைப்பைப் படியெடுத்து வைத்திருந்தார்கள். பறையர்களுக்குச் சடங்கு செய்ய வள்ளுவர் இருந்தார். துணி வெளுக்கத் தனி வண்ணார் இருந்தார். அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். ஊருக்கு அம்மன் இருந்ததுபோலச் சேரிக்கும் அம்மன் இருந்தாள். இதிலிருந்து மோஃபட் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார்: சாதி அடுக்கின் அடியில் இருப்பவர்களும் அந்த அடுக்கின் விழுமியங்களோடு அடிப்படையில் உடன்படுகிறார்கள், அவர்களுக்கென்று மாறுபட்ட பண்பாடு இல்லை. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோனின் சாதிக் கோட்பாட்டுக்கு வலுச் சேர்த்த இந்த முடிவு, இந்தியச் சாதியமைப்பைப் பற்றிய ஆங்கில நூல்களில் பல்லாண்டுகள் மேற்கோளாயிற்று. விவாதப் பொருளாகவும் ஆயிற்று.

அந்தச் செங்கல்பட்டு மண்ணே இதற்கு நேர்மாறான சாட்சியை வைத்திருந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால் அம்மக்கள் நிலவுடைமையாளரின் பிடியில் இருப்பதை அது விளக்கியது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிந்த ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த 1892 அரசாணையின் பின்னணி அதுதான். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907இல் வெளிவந்தது. சாதி அடுக்கின் விழுமியங்களை அச்சில், பெயர் போட்டு, தமிழிலேயே மறுத்தவர்கள் மோஃபட் அந்த மாவட்டத்தில் கால் வைப்பதற்கு ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். மோஃபட்டின் நூலுக்கு முன்பே, 1974இல், அதே மாவட்டத்தில் களப்பணி செய்த ஜோன் மென்ச்சர், கீழிருந்து பார்த்தால் சாதி என்பது சுரண்டலின் ஏற்பாடாகவே தெரிகிறது என்று எழுதியிருந்தார். இராமநாதபுரம் பகுதிப் பறையர்களிடையே ஆய்வு செய்த பெல்ஜிய மானிடவியலாளர் ரொபேர் தெலியேஜ் 1992இல் மோஃபட்டின் முடிவை விரிவாக மறுத்தார். ஒரு வழக்கத்தைப் படியெடுப்பது அதற்கு உடன்படுவதாகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆனால் நூல் வந்து 13 ஆண்டுகள் கழிந்திருந்தன. எண்டாவூர் சேரியிலிருந்து ஒருவர், அல்லது சென்னையின் தலித் இயக்கங்களிலிருந்து ஒருவர், அந்த ஆய்வேடு மாணவரின் கையெழுத்துப் படியாக இருந்தபோதே அதைக் கேட்டுக் கேள்வி எழுப்பும் ஏற்பாடு இருந்திருந்தால், உடன்பாடு என்ற சொல் அவ்வளவு எளிதாக நூலில் உட்கார்ந்திருக்காது. கூலி கேட்டுப் பேச முடியாத இடத்தில் நிலவும் மௌனத்துக்கும் சம்மதத்துக்கும் உள்ள தூரத்தை அவர்கள் உடனே சுட்டியிருப்பார்கள்.

மோஃபட்டின் அடுத்த புத்தகம் இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாக்குகிறது. தமிழகத்திலிருந்து திரும்பி ரட்கர்ஸில் ஆசிரியரான அவர், 1977இல் மாணவர் விடுதியில் தொடக்கத்தில் முதலாண்டு மாணவரைப் போலவே தங்கி, பின்னர் 1980களிலும் தொடர்ந்து, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் வாழ்வை ஆராய்ந்தார். நியூ ஜெர்சியில் வளர்ந்து ஆளாவதைப் பற்றிய அந்த நூல் 1989இல் வெளிவந்தது. எண்டாவூரில் பயன்படுத்திய அதே கண்ணும் காதும்தான். ஆனால் இம்முறை ஆராயப்பட்டவர்கள் நூலின் மொழியைப் பேசுபவர்கள். நூல் விற்கும் கடைக்கு நடந்து போகக்கூடியவர்கள். ஆசிரியரின் வகுப்பிலேயே உட்காரக்கூடியவர்கள். தங்களைப் பற்றி எழுதியது தவறென்றால் வளாகச் செய்தித்தாளில் மறுநாளே எழுத அவர்களால் முடியும். எண்டாவூர்க்காரர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு நூல்களின் ஆசிரியருடைய நேர்மையில் வித்தியாசமில்லை. எழுதப்பட்டவர்களின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் வித்தியாசம். அந்தத் தூரம் ஒருவரைப் பற்றி எவ்வளவு துணிந்து முடிவு சொல்லலாம் என்பதையும் தீர்மானிக்கிறது என்றால், அதை ஆய்வு முறையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

வளைகுடாப் பகுதியின் உதாரணம் இன்னும் கடுமையானது. பெர்க்லியில் மானிடவியலை நிறுவிய ஆல்ஃபிரட் குரோபர் 1925இல் வெளியிட்ட கலிஃபோர்னியப் பழங்குடிகள் பற்றிய பெருங்கையேட்டில், வளைகுடாக் கரையின் ஒலோனி மக்கள் நடைமுறையில் அற்றுப்போய்விட்டவர்கள் என்று எழுதினார். அவர்கள் அற்றுப்போகவில்லை. தங்கள் மூதாதையரின் நிலத்திலேயே குடும்பங்களாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் வழிவந்த முவெக்மா ஒலோனி மக்கள் ஒன்றிய அரசின் அங்கீகாரத்துக்காகப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். தாங்கள் இல்லை என்று எழுதிவைத்த அந்த வாக்கியம் தங்களுக்கு இழைத்த தீங்கைச் சுட்டிக்காட்டியும் வருகிறார்கள். குரோபர் அம்மக்களின் பகைவர் அல்லர். 1950களில் கலிஃபோர்னியப் பழங்குடியினரின் நில உரிமை வழக்கில் அவர்கள் சார்பில் சாட்சி சொன்னவரும் அவரே. நல்லெண்ணம் உள்ள ஒரு பேரறிஞர், சான்று தேடுவதில் சலிக்காதவர், உயிரோடு இருக்கும் ஒரு மக்களை இல்லாதவர்கள் என்று எழுத முடிந்தது. எழுதிய அறையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பெர்க்லி மானிடவியல் துறைக் கட்டடத்திலிருந்து குரோபரின் பெயர் 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. அந்த முடிவைப் பற்றிப் பலவாறாகப் பேசலாம். ஆனால் 1925இன் வாக்கியத்துக்கு உரிய பதில் பெர்க்லியின் காதில் விழ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை.

டெக்சாஸ் மறுபக்கத்தைக் காட்டுகிறது. எழுதப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் எழுந்து பேசினால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்கோ பரேதெஸ் சான்று. மெக்சிகோ எல்லையோர பிரௌன்ஸ்வில் நகரில் 1915இல் பிறந்த அவர், ஆஸ்டினில் முனைவர் பட்டத்துக்காக கிரெகோரியோ கோர்தெஸ் என்ற விவசாயியைப் பற்றிய நாட்டுப்புறக் கதைப்பாடலை ஆராய்ந்தார். கோர்தெஸ் 1901இல் ஒரு ஷெரிஃபைச் சுட்டுவிட்டு, துரத்தி வந்த பெரும் படைகளுக்கு நாள்கணக்கில் போக்குக் காட்டியவர். துரத்தியவர்களில் டெக்சாஸ் ரேஞ்சர்களும் உண்டு. அந்த ரேஞ்சர்களைப் புகழ்ந்து 1935இல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் வால்ட்டர் பிரஸ்காட் வெப் அதே பல்கலைக்கழகத்தின் பெரும்புள்ளி. எல்லையோர மக்கள் பாடிவந்ததை அவருடைய வரலாற்றுக்கு எதிர்ச்சான்றாக ஒரு மாணவர் அங்கேயே முன்வைத்தார். 1958இல் அது நூலாயிற்று. பிறகு 1970களின் பிற்பகுதியில், தெற்கு டெக்சாஸ் மெக்சிகர்களைப் பற்றி மானிடவியலாளர்கள் எழுதிய நூல்களை எடுத்துக்கொண்டு பரேதெஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வாளர்கள் உண்மைத் தகவல் என்று குறித்துக்கொண்ட பலவும், கேட்க வந்த வெளியாளிடம் அம்மக்கள் வேடிக்கைக்குச் சொன்னவை, கேலி செய்தவை, சபையில் நடித்துக் காட்டியவை என்று இடம் சுட்டிக் காட்டினார். இங்கே ஸ்பானிய மொழியறிவு மட்டும் போதாது. சொன்னவரின் குரலில் இருந்த குறும்பு ஆய்வாளர்களுக்கு எட்டவில்லை. குறிப்பேட்டில் எழுதிய மறுகணமே குறும்பு மறைந்து தகவல் மட்டும் நிற்கிறது. எத்தனை நடுவர்கள் அந்தக் குறிப்பேட்டைச் சரிபார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பிழை இது. அந்தப் பேச்சின் உள்ளே வளர்ந்த ஒருவர் கேட்டாலொழியத் திருத்த வழியில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது, கண்ணில் படாதவர்களை இல்லாதவர்களாகக் கொள்வது, கேலியைத் தகவலாகக் கொள்வது ஆகிய மூன்றும் துறையினர் மட்டும் கூடிய அவையில் பிடிபடாமல் தப்பும் பிழைகள். துறையினருக்குக் கோட்பாடு தெரியும், முறை தெரியும். சொல்லப்படாமல் விட்டது எது என்பது வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். இன்றைய மாணவர் ஆய்வரங்கத்தில் அந்த இரு தரப்பும் ஒரே கூடத்தில் இருக்கும் வாய்ப்பு முன்னெப்போதையும்விட அதிகம். ரட்கர்ஸைச் சுற்றி எடிசனும் பிஸ்கடவேயும் இருக்கின்றன. பெர்க்லிக்கும் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் ஃபிரீமாண்ட் இருக்கிறது. ஹூஸ்டனை ஒட்டிய பேர்லாண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் அரிச்சுவடி படித்த பிள்ளைகள் இப்போது அதே தமிழ்ப் பள்ளியை, அரங்கேற்றச் செலவை, எச்-1பி விசாவில் வந்த குடும்பங்களில் மனைவியரின் வேலையின்மையை, கோயில் நிர்வாகக் குழுவை ஆராயும் மாணவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் நேர்காணல் செய்யும் அத்தையும் மாமாவும் ஒரு மணி நேரக் காரோட்டத்தில் வளாகத்துக்கு வந்துவிடலாம். எண்டாவூருக்கும் சிகாகோவுக்கும் இருந்த தூரம் இங்கே இல்லை. இருந்தும் அழைப்பு பேராசிரியர்களுக்குத்தான் போகிறது. வீட்டாருக்குப் போனாலும், பிள்ளையைப் படம் எடுக்க வருவதாகவே அந்த வருகை கருதப்படுகிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு கனமானது. ஆராயப்பட்டவர்கள் முன்வரிசையில் இருந்தால் மாணவர் உண்மையைச் சொல்லத் துணிவாரா? சமூகத்தின் மனம் கோணாமல் எழுதுவது ஆய்வாகுமா? பெர்க்லியின் நான்சி ஷெப்பர்-ஹியூஸின் அனுபவத்தை இதற்குச் சான்றாகச் சொல்வார்கள். அயர்லாந்தின் ஒரு கிராமத்தில் மனநோயும் திருமணமின்மையும் பெருகியதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1979இல் வந்து பரிசு பெற்றது. கிராமத்துக்கு அவர் புனைபெயர் கொடுத்திருந்தும், ஊர்க்காரர்கள் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள், காயப்பட்டார்கள். 1999இல் அவர் அங்கே திரும்பிப் போனபோது ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆனால் இந்த நிகழ்வு எதைக் காட்டுகிறது? ஊராரின் பதில் கடைசியில் வந்தே தீர்ந்தது. 20 ஆண்டுகள் அடக்கி வைக்கப்பட்டதால் அது வெளியேற்றமாக வந்தது. ஷெப்பர்-ஹியூஸ் அதை மறைக்காமல் எழுதியதோடு, அக்கிராமத்து வாழ்வில் தாம் போதிய அளவு சொல்லாமல் விட்ட நன்மைகள் உண்டு என்பதையும் பின்னர் ஒப்புக்கொண்டார். உரிய காலத்தில் கேட்டிருந்தால் அது நூலின் ஒரு அத்தியாயமாக ஆகியிருக்கலாம். மறுமொழி வேறு, தணிக்கை வேறு. மறுமொழி சொல்லும் உரிமை யாருக்கும் தடுக்கும் உரிமையைத் தருவதில்லை. கசப்பான முடிவை மாணவர் மாற்றத் தேவையில்லை. அதைக் கேட்டவர் என்ன சொன்னார் என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்த பிறகும் நிற்கும் முடிவுதான் வலுவானது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. சமூகம் என்று யாரைச் சொல்கிறோம்? மறுமொழி சொல்ல முதலில் எழுந்து நிற்பவர் பெரும்பாலும் சங்கத் தலைவர், அறங்காவலர், குடும்பத்தின் மூத்த ஆண். அவர் பேசினால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள். நீலகிரியில் இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1930களின் பிற்பகுதியில் கோத்தர் மக்களிடையே ஆய்வு செய்து, பின்னாளில் பெர்க்லியில் பேராசிரியர்களாக விளங்கிய மொழியியலாளர் எமனோவும் மானிடவியலாளர் மாண்டல்பாமும் பெரிதும் நம்பியிருந்தது சுள்ளி என்ற ஒரே கோத்த ஆசிரியரை. சுள்ளி அசாதாரணமான அறிவாளி. கூடவே, தன் ஊரின் பழக்கங்களோடு மோதிய சீர்திருத்தக்காரர். அவர் சொன்னது கோத்தர்களின் குரல்தான், ஆனால் ஒரு தரப்பின் குரல். இதை மாண்டல்பாமே உணர்ந்து சுள்ளியைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். இன்றைய வளைகுடாப் பகுதியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாக நிற்கிறது. மாணவர் அமைப்புகளின் கோரிக்கையைத் தொடர்ந்து அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022 ஜனவரியில் தன் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. அதை வரவேற்றவர்களும் உண்டு, தங்கள் மதத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகக் கண்டித்தவர்களும் உண்டு. சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான மாநில அளவிலான சட்ட முன்வரைவை 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் ஒப்பாமல் திருப்பி அனுப்பினார். இந்தச் சூழலில் ஒரு மாணவி அங்கே சாதி பற்றிய ஆய்வைப் படித்தால், சாதியை மறைத்து வாழும் ஒருவரும் சாதியே இங்கில்லை என்று நம்பும் ஒருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னவர் எழுந்து பேசினால் அதனாலேயே வெளிப்பட்டுவிடுவார். ஆகவே மறுமொழி என்பது மேடையில் ஒலிவாங்கியைக் கொடுப்பதோடு முடிவதில்லை. நேர்காணல் தந்தவர்களிடம் வரைவைத் தனித்தனியே படித்துக்காட்டிப் பெறும் பதில், பெயரில்லாமல் எழுதித் தரும் பதில், வலுவற்ற தரப்பின் பதிலை முதலில் வைப்பது ஆகியவையும் இதில் அடங்கும். சமூகம் ஒன்றல்ல என்பதால் மறுமொழியைக் கைவிட வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மறுமொழிகளைத் தேட வேண்டும்.

மூன்றாவதாக, இளநிலை மாணவரின் ஒரு பருவக் களப்பணிக்கு இத்தனை பாரம் தேவையா என்பார்கள். அது பயிற்சிதானே, அறிவு உலகத்தை அது எங்கே மாற்றப் போகிறது? மாணவர் ஆய்வுகள் மாற்றியிருக்கின்றன என்பதற்குப் பரேதெஸே போதும். எம்.என். சீனிவாஸின் முதல் நூலான மைசூர்த் திருமணமும் குடும்பமும் பற்றிய 1942ஆம் ஆண்டு ஆய்வு, பம்பாயில் அவர் முதுகலைப் பட்டத்துக்காக எழுதியதுதான். அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஆராயப்படுபவரின் பாதுகாப்புக்கென்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஐ.ஆர்.பி. என்ற ஆய்வு நெறிக் குழு உண்டு. ஒன்றிய அரசு விதிகளின்படி, பொதுவாகப் பொருந்தும் அறிவை உருவாக்கும் நோக்கமுள்ள பணிதான் ஆய்வு. எனவே வகுப்புப் பயிற்சியாகச் செய்த களப்பணி பல இடங்களில் அந்தக் குழுவின் முன் வருவதே இல்லை. வந்தாலும், குழு பார்ப்பது ஒப்புதல் படிவத்தையும் தரவுப் பாதுகாப்பையும்தான். எழுதியது சரியா என்று அது கேட்பதில்லை. கேட்கும் இடமும் அதுவல்ல. அந்தக் கேள்வி எழக்கூடிய ஒரே பொது இடம் ஆய்வரங்கம். மாணவரின் எழுத்து இன்னும் அச்சேறவில்லை, அவருடைய பெயரும் வேலையும் அதோடு பிணைந்துவிடவில்லை. பிழையைத் திருத்த ஆகும் செலவு அப்போதுதான் மிகக் குறைவு. பேராசிரியரான பிறகு, நூல் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, தன் முடிவை மாற்றிக்கொள்வது எத்தனை கடினம் என்பதை மேலே கண்ட வரலாறு சொல்கிறது. பழக்கம் என்ற வகையிலும் இதுவே தொடக்கம். யார் முன் நின்று முதலில் பேசினோமோ அவர்களையே வாழ்நாள் முழுதும் மனத்தில் வைத்து எழுதுகிறோம்.

நான்காவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஃபிரீமாண்ட்காரர் பெர்க்லிக்கு வரலாம். தூத்துக்குடி மீனவர் பிரின்ஸ்டனுக்கு எப்படி வருவார்? ஆங்கிலக் கட்டுரையை எப்படிப் படிப்பார்? இதற்கு விடை தமிழ்நாட்டிலேயே செயலில் காட்டப்பட்டது. பேராசிரியர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நடத்திய நெல்லை ஆய்வுக் குழுவின் கூட்டங்களில் கல்லூரி ஆசிரியர்களோடு பட்டத்துக்காக ஆய்வு செய்யாதவர்களும் கட்டுரை படித்தார்கள். நாட்டார் வழக்காறு, வழிபாடு, சமூக வரலாறு ஆகியவற்றைப் பற்றிய அந்தக் கட்டுரைகள் தமிழில் படிக்கப்பட்டு, தமிழில் விவாதிக்கப்பட்டு, 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழில் இடம்பெற்றன. ஆராயப்பட்ட மண்ணிலேயே, அம்மண்ணின் மொழியிலேயே ஆய்வு பேசப்பட்டது. பல்கலைக்கழகத்தின் பணமோ கட்டடமோ இல்லாத ஒரு குழு செய்ததை, பெரும் பல்கலைக்கழகங்கள் செய்ய இயலாது என்பதை ஏற்க முடியாது. தூத்துக்குடியிலோ மட்டக்களப்பிலோ களப்பணி செய்த மாணவர், நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை நேர்காணல் தந்தவர்களுக்கு அனுப்பி, வாட்ஸ்அப் அழைப்பில் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, அதை அரங்கில் ஒலிக்கச் செய்யலாம். தன் ஆய்வைத் தமிழில் சொல்ல முயலும் மாணவர், ஆங்கிலக் கலைச்சொல் மறைத்து வைத்த தெளிவின்மையை அப்போதே கண்டுபிடிப்பார் என்பது கூடுதல் பயன். அமெரிக்க மானிடவியல் சங்கம் 2012இல் வெளியிட்ட ஏழு நெறிக் கோட்பாடுகளில், முடிவுகளை உரியவர்களுக்கு எட்டச் செய்ய வேண்டும் என்பதும் ஒன்று. துறை தானே ஏற்றுக்கொண்ட கடமைதான் இது. அதை நிறைவேற்ற ஒரு நாளும் ஓர் இடமும் குறிக்கப்படாததுதான் குறை.

குறிப்பது கடினமுமல்ல. ஆய்வரங்க விண்ணப்பத்தில், யாரைப் பற்றி ஆராய்ந்தீர்களோ அவர்களிடம் முடிவைச் சொன்னீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். மானிடவியல் அமர்வுகளைப் போஸ்டர் கூடத்திலிருந்து பிரித்து, படிக்க 20 நிமிடமும் விவாதிக்க 20 நிமிடமும் தரலாம். கட்டுரை மீது கருத்துச் சொல்ல ஒரு பேராசிரியரோடு, ஆராயப்பட்ட வாழ்வை வாழ்ந்த ஒருவரையும் அழைத்து, இருவருக்கும் ஒரே அளவு மதிப்பூதியம் தரலாம். ஒரு நாள் கூலியை விட்டு வருபவருக்கு அது உதவியுமாகும், மரியாதையுமாகும். பரிசுக்கான மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, வந்த மறுமொழியை மாணவர் எப்படி எதிர்கொண்டார் என்பதற்கு ஒதுக்கலாம். சொன்னால் ஒருவருக்குத் தீங்கு வரும் என்று கருதி மாணவர் சொல்லாமல் விட்டதற்கும் மதிப்பெண் இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. நியூ ஜெர்சியிலும் வளைகுடாப் பகுதியிலும் டெக்சாஸிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும், தங்களைப் பற்றி ஆய்வு செய்த மாணவரை அழைத்துப் பொன்னாடை போர்த்திக் கைதட்டி அனுப்பினால் போதாது. அவருடைய கட்டுரையை முன்கூட்டியே வாங்கிப் படித்து, எங்கே சரி, எங்கே பிழை, எது விடுபட்டது என்று சான்றோடு கேட்க வேண்டும். கசப்பான உண்மையைச் சொன்னால் கோபத்தை அடக்கிக் கேட்கவும் வேண்டும். சங்கத்தில் குரல் எழாதவர்களுக்கு அங்கே முதல் இடம் தர வேண்டும். தன்னைப் பற்றிய எழுத்தைச் சரிபார்க்கும் பழக்கம் இல்லாத சமூகம், தன்னைப் பற்றிப் பிறர் எழுதியதற்காகப் பிற்பாடு வருந்தும் சமூகமாகவே இருக்கும். அந்தப் பழக்கத்தை உருவாக்க இன்றைய தமிழ் மாணவர்களின் ஆய்வுகளைவிட நல்ல தொடக்கம் நமக்குக் கிடைக்கப் போவதில்லை. எழுதுபவர்களும் எழுதப்படுபவர்களும் ஒரே ஊரில், ஒரே மொழியில் இருக்கும் காலம் இது.